‘காரணம்’ என்ற கட்டம்

நீங்கள் மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே உங்கள் கையில் ஒரு ரிப்போர்ட் புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். கார்பன் வைத்து எழுதுகிற புத்தகம். சிலருக்கு இப்போது அதுவே செல்போனுக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். எதில் எழுதினாலும் கட்டங்கள் அதேதான்: என்ன புகார், என்ன காரணம், என்ன செய்தோம், கடைசியில் மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டர் கையெழுத்து, வாடிக்கையாளர் கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்டங்களை நிரப்பியவன் நான். புதுக்கோட்டையிலிருந்து கிளம்பி, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், லாட்ஜ் என்று மாவட்டம் முழுக்கத் துணி துவைக்கிற மெஷினையும் காயவைக்கிற மெஷினையும் பார்த்துக்கொண்டு திரிந்தேன். மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்தக் கட்டத்தில் நான் எழுதிய ஒரே ஒரு வரியால் ஒரு பெண்ணுக்கு வேலை போக இருந்தது. போகாமல் நின்றது என் சாமர்த்தியத்தால் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் எங்கள் ஆட்களிடம் இருந்த ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடமும் இருக்கலாம். ஒரு மெஷின் ஏன் பழுதானது என்று தெரியவில்லை என்றால், காரணம் என்ற கட்டத்தில் ‘ஓவர்லோடு’ என்று எழுதிவிடுவோம். நல்ல சௌகரியமான வார்த்தை அது. கம்பெனி கேள்வி கேட்காது. வாரன்டியில் சாமானைக் கொடுக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளராலும் மறுத்துப் பேச முடியாது, ஏனென்றால் அளவாகத்தான் துணி போட்டேன் என்பதற்கு அவரிடம் சாட்சி ஏது? நான் எத்தனை தடவை அந்த வார்த்தையை எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தால் இப்போதும் கூசுகிறது.

அது கார்த்திகை மாதம். நல்ல அடைமழை. பொன்னமராவதிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டாக்டரம்மா ஒருவர், மேனேஜர் கருப்பையா ஒருவர், நாலைந்து நர்ஸுகள், சலவை அறைக்கு மேரி என்று ஒரு அம்மா. காயவைக்கிற மெஷின் ஓடுகிறது, ஆனால் சூடு வரவில்லை என்று திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. வெயில் காலமாக இருந்தால் மொட்டை மாடியில் விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடைமழையில் அந்த மெஷின் நின்றால் ஆஸ்பத்திரியே நின்றுவிடும். ஆபரேஷன் தியேட்டர் துணி காய்ந்தால்தான் அதைக் கிருமி நீக்கும் பெட்டிக்குள் வைக்க முடியும்.

நான் மழைக்கோட்டு போட்டும் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தேன். சலவை அறைக்குள் நுழைந்தால் தலை முழுக்க ஈரத்துணி. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணி வரை குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பச்சைத் துணி, வெள்ளை விரிப்பு, குழந்தைகளைச் சுற்றுகிற துண்டு எல்லாம் தொங்கின. குனிந்து குனிந்துதான் மெஷின் பக்கம் போக முடிந்தது. கதவு நிலையில் காய்கறிக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு கொக்கித் தராசு தொங்கியது. பழைய பேப்பரை எடைக்குப் போடுவதற்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தராசை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மேரிக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். ஆவூரிலிருந்து அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்து வந்தவர். நின்றபடியே இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு துணியாகத் தேய்த்துத் தேய்த்து ஈரத்தை வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துணியிலிருந்தும் ஆவி பறந்தது.

“காத்து வருதுங்க சார். சூடுதான் வரல. சனிக்கிழமை காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

ஸ்விட்சைப் போட்டேன். டிரம் சுற்றியது. காற்று வந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் ஃபேன் காற்று மாதிரி ஜில்லென்று இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் வைத்திருப்பேன், கம்பியில் வைத்தால் உள்ளே சின்னதாக விளக்கெரிகிற திருப்புளி. அதை எடுத்து மெஷினுக்கு வருகிற மூன்று பேஸ் கம்பிகளிலும் வைத்தேன். மூன்றிலும் பளிச்சென்று எரிந்தது. சரி, கரண்டு வருகிறது. டிரம் ஓடுகிறது. அப்படியானால் மிச்சம் என்ன, ஹீட்டர்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஹீட்டரில் ஒரு கம்பி மற்றதைவிடக் கறுத்திருந்தது.

மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மீட்டர் பைக் பெட்டிக்குள் இருந்தது. வெளியே மழை கொட்டியது. கறுத்த கம்பியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிற ஆள் நான் என்று ஊரெல்லாம் பேர் வாங்கி வைத்திருந்தேன். அந்தத் திமிரில் இருபது அடி நடக்கவில்லை.

“ஹீட்டர் போச்சும்மா” என்றேன்.

“சார், ஒண்ணு சொல்லவா” என்றார் மேரி. “அன்னைக்குத்தாங்க போர் மோட்டாரும் நின்னுச்சு. அதுலேருந்து தண்ணியும் லாரியிலதான் வருது.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் வரும். நனைந்த பேன்ட்டோடு மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் வந்து மோட்டார்க் கதை சொல்கிறாரே என்று இருந்தது.

“நான் மோட்டார் மெக்கானிக் இல்லம்மா. அதுக்கு வேற ஆள் வருவாங்க. நான் என் மெஷினைப் பாக்குறேன், நீங்க ஒங்க துணியைப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். புகார்: மெஷின் ஓடுகிறது, சூடு இல்லை. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை தானாக ஓடியது. ‘அளவுக்கு மீறித் துணி போட்டதால் ஹீட்டர் எரிந்துள்ளது.’ எழுதி முடிக்க எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரம்.

மேனேஜர் கருப்பையா அதை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, சத்தமாக வாசித்தார். அப்போது அந்த அறையில் இரண்டு நர்ஸுகள் நின்றுகொண்டிருந்தார்கள். சீட்டு வாங்க வந்த ஒரு கர்ப்பிணியும் அவர் மாமியாரும்கூட இருந்தார்கள். வாசித்து முடித்துவிட்டு மேரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அளவு பாத்துப் போடுன்னு ஒனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கு மேரி? இப்ப பாரு, மெஷின எரிச்சு வச்சிருக்க. கம்பெனிக்காரரே எழுதிக் கொடுத்துட்டாரு. இந்தா, ஆபரேட்டர்னு போட்டிருக்கு பாரு, கையெழுத்துப் போடு.”

மேரி ரிப்போர்ட்டை வாங்கி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நான் அளவுக்கு மீறிப் போட்டத நீங்க பாத்தீங்களா சார்?”

“நான் எதுக்குப் பாக்கணும்? ஹீட்டரே சொல்லுது” என்றேன்.

“நான் போடலைங்க. போடாததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சத்தம் உயரவில்லை. அழவும் இல்லை. ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்து, அது பறந்துவிடாமல் பேனாவை அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கருப்பையா தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஒரு பிரதியைக் கிழித்துக்கொண்டு கிளம்பினேன். வருகிற வழியில் திருமயத்தில் நிறுத்தி வடை தின்றேன். அந்த அம்மாவின் கேள்வி எனக்கு உறைக்கவே இல்லை.

புது ஹீட்டர் திருச்சியிலிருந்து வந்து சேர வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் ஆஸ்பத்திரியில் முன்கூட்டிக் குறித்து வைத்திருந்த ஆபரேஷன்களை வேறு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அவசரமாக வருகிறவர்களுக்கு மட்டும் மேரி தேய்த்துக் காயவைத்த துணி. விடியற்காலை வந்து, பொழுது சாய்ந்துதான் போகிறாராம். கருப்பையா என்னை வரவேற்று, தோளில் கைபோட்டு, நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார்.

“நீங்க எழுதிக் கொடுத்தது நல்லதாப் போச்சு சார். சனிக்கிழமையோட அந்தம்மாவ நிப்பாட்டுறோம். டாக்டரம்மாகிட்ட ஒங்க ரிப்போர்ட்டக் காமிச்சேன், அவுகளும் சரின்னுட்டாக.”

எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை. ஆனாலும் வேலையைப் பார்ப்போம் என்று போனேன். ஹீட்டரை மாட்டும்போது மேரி பக்கத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பேச்சுக் கொடுத்தேன். வேறு எங்கேயாவது வேலை பார்த்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்கத் தகுதியில்லாதவன் கேட்டேன்.

“வேலைக்கென்னங்க சார், ரெண்டு கை இருக்கு, கெடச்சிரும்” என்றார். “எம் மக திருச்சியில நர்ஸுக்குப் படிக்கிறா. முடிச்சதும் இங்கிட்டே சேத்துக்குறேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. நான் மெஷின எரிச்சவள்னு பேரு வாங்கிட்டுப் போனா, அதே வாசல்ல எம் மக எப்படிங்க வந்து நிப்பா? அது ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து விரித்தார். என்மீது கோபம் இருந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புது ஹீட்டரை மாட்டி முடித்தேன். டாக்டரம்மாவும் கருப்பையாவும் வந்து நின்றார்கள். ஸ்விட்சைப் போட்டேன். டிரம் சுற்றியது. காற்று வந்தது. கையை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

இரண்டு நிமிஷம் பார்த்தேன். ஐந்து நிமிஷம் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த நிமிஷம் உங்களுக்கும் வரும். மாற்றியது புதுச் சாமான், கோளாறு அதே பழைய கோளாறு. அப்போது வாய்க்குள் என்னென்ன வார்த்தை வந்து நிற்கும் தெரியுமா? ‘இந்த ஹீட்டரும் டிஃபெக்ட் சார், வேற வரவழைக்கிறேன்.’ இது ஒன்று. ‘போர்டு போயிருக்கு சார், சென்னைக்கு எழுதணும்.’ இது இன்னொன்று. இரண்டுமே எனக்கு நாலு நாள் வாங்கிக் கொடுக்கும். அதற்குள் சனிக்கிழமை வந்து போய்விடும். முதல் வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை முழுங்கினேன். முழுங்கியதற்குக் காரணம் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி துணியில் போகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான்.

மெஷினை நிறுத்தினேன். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

“மேரி, கொஞ்சம் பெட்டிய வச்சிட்டு வாங்க. சனிக்கிழமை என்ன நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க” என்றேன். திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“நாங்க இருக்கோம்ல சார், எங்களைக் கேளுங்களேன்” என்றார் கருப்பையா.

“மெஷின் பக்கத்துல நின்னவங்க அவங்கதான சார்” என்றேன்.

மேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“காலையில ஒம்பதரை இருக்கும். நல்ல மழை. முத நடை துணி காஞ்சு எடுத்துட்டேன். ரெண்டாம் நடை போட்டுருக்கேன், அப்ப வார்டுலயும் ஆபீஸ்லயும் லைட்டு போயிருச்சு. இங்கன மட்டும் எரிஞ்சுச்சு. மெஷினு சுத்துச்சு, ஆனா சூடு கொறைஞ்சிருச்சு. கொஞ்ச நேரத்துல லைட்டு எல்லாம் வந்துருச்சு. சரின்னு பாத்தா, சுத்தமா சூடே இல்ல. மோட்டாரும் எடுக்கலன்னு வாட்ச்மேன் அண்ணன் வந்து சொன்னாரு.”

“லைட்டு அதுவா வந்துச்சா?”

மேரி வாயைத் திறக்கவில்லை. தெரிந்துதான் திறக்கவில்லை என்று எனக்குப் பட்டது. கருப்பையாதான் சொன்னார், ரொம்ப சாதாரணமாக.

“நான்தான் சார் மெயின் ரூம்ல போயி பேஸ மாத்தி விட்டேன். ரெண்டு பேஸ் இல்ல. இருந்த ஒண்ணுல எல்லாத்தையும் போட்டுவிட்டேன். வீட்ல செய்றதுதான?”

வீட்டில் செய்வதுதான். அந்தப் பக்கத்தில் மூன்று பேஸ் உள்ள எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று குமிழ் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பலாம். மழைக்காலத்தில் ஒரு பேஸ் போனால், படிக்கிற பிள்ளைகூட எழுந்து போய் அந்தக் குமிழை உயிரோடு இருக்கிற பேஸுக்குத் திருப்பிவிட்டு வந்து உட்காரும். லைட் எரியும், ஃபேன் சுற்றும், அதோடு எல்லோரும் மறந்துவிடுவோம். போன பேஸ் எப்போது திரும்பி வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லாம் எரிந்துகொண்டுதானே இருக்கிறது. என் வீட்டிலும் அப்படித்தான். அத்தனை வருஷம் நானே என் கையால் திருப்பியிருக்கிறேன்.

மழையில் ஓடிப்போய் பைக் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்து வந்தேன். முதலில் டெஸ்டரை வைத்தேன். மூன்று கம்பியிலும் எரிந்தது. அடுத்து மீட்டரை முதல் கம்பிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வைத்தேன். நானூறு காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யம். இரண்டுக்கும் மூன்றுக்கும் வைத்தேன். பூஜ்யம். மூன்று கம்பியும் ஒரே பேஸ். கயிறு இழுக்கிற போட்டியில் எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் கயிறு எப்படி விறைக்கும்? அந்த ஹீட்டருக்கு இரண்டு வெவ்வேறு பேஸ் வேண்டும். டிரம்முக்கு ஒன்று போதும். அதனால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. போர் மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். அதனால் அது சும்மா கிடந்தது. மோட்டார்க்காரர் என்னடாவென்றால் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று அதைக் கழற்றித் திருவரங்குளத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அவரும் நம்ம ஆள்தான்.

மெயின் ரூமுக்குப் போனேன். மூன்று குமிழும் ஒரே எண்ணில் வரிசையாக நின்றன. மெயினை நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பி வைத்துவிட்டு மெயினைப் போட்டேன். சலவை அறைக்குத் திரும்பி மெஷினை ஓடவிட்டேன். ஒரு நிமிஷத்தில் கண்ணாடிக் கதவு வெதுவெதுப்பாகிவிட்டது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, “அப்பாடா, நாளைக்கு கேஸ் எடுக்கலாம்” என்றபடி வார்டுக்குப் போனார்.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். மெஷின் சரியாகிவிட்டது. முக்கால்வாசிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற இடம் இது.

கழற்றி வைத்த பழைய ஹீட்டரைத் தரையில் வைத்து, மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். மூன்று கம்பியும் நன்றாக இருந்தன. கறுப்பு என்று நான் பார்த்தது வெறும் துணிப் பஞ்சு கருகி ஒட்டியது. விரலால் துடைத்தால் வந்துவிட்டது.

கருப்பையாவுக்கு அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை அவர். முகம் வெளுத்துவிட்டது. என்னை வெராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“சார், ஹீட்டரும் போயிருந்துச்சு, பேஸும் போயிருந்துச்சுன்னு எழுதிருங்க. ஒங்களுக்கும் பேரு கெடாது, எனக்கும் கெடாது. அந்தம்மாவ நான் வேலையில வச்சுக்குறேன், போதுமா?”

போதுமே என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, இன்னும் என்ன? ஆனால் அந்த அம்மா வேலைக்காகப் பேசவில்லை. ‘மெஷின எரிச்சவள்னு பேரு’ என்றுதான் சொன்னார். அவர் போக வேண்டாம், ஆனால் பேர் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றால், நான் கொடுத்தது என்ன? மன்னித்து வேலையில் வைத்திருக்கிறோம் என்று ஆகிவிடும். செய்யாத தப்புக்கு மன்னிப்பு.

நான் உள்ளே போனேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன். மாட்டிய புது ஹீட்டரைக் கழற்றத் தொடங்கினேன்.

“என்ன சார் பண்றீங்க, நல்லா ஓடுறத?” என்று ஓடி வந்தார் கருப்பையா.

“பழசையே மாட்டப்போறேன்.”

“எதுக்கு?”

“எரிஞ்சுபோச்சுன்னு எழுதினேன்ல. எரிஞ்சது எப்படி எரியுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

அரை மணி நேர வேலைதான், ஆனால் சூடான மெஷினுக்குள் கைவிட்டதில் முழங்கையில் சுட்டுக்கொண்டேன். அந்த வடு இன்னும் இருக்கிறது. பழைய ஹீட்டரை மாட்டி, டாக்டரம்மாவையும் நர்ஸுகளையும் கூப்பிடச் சொன்னேன். மேரியையே ஸ்விட்சைப் போடச் சொன்னேன். போட்டார். காற்று சூடாக வந்தது. டாக்டரம்மா அதில் கையை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கருப்பையாவைப் பார்த்தார். பிறகு மேரியைப் பார்க்க முடியாமல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். இந்தத் தடவை கை தானாக ஓடவில்லை. காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘மூன்று பேஸும் ஒன்றாகத் திருப்பப்பட்டிருந்ததால் சூடு வரவில்லை. ஹீட்டர் பழுதாகவில்லை. துணி அளவுக்கு மீறிப் போடப்படவில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் நான் பார்க்காததை எழுதினேன். தவறு என்னுடையது.’ கட்டம் போதவில்லை. ஓரத்தில் எல்லாம் எழுதினேன்.

இதற்காக எனக்கு மெமோ வந்தது. கம்பெனி ரிப்போர்ட்டில் ‘தவறு என்னுடையது’ என்று எழுதக் கூடாதாம். நான் பதில் எழுதினேன், அவர்கள் இன்னொரு மெமோ அனுப்பினார்கள். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, காரணம் தெரியாத இடத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்று மட்டும்தான் எழுதினேன். மீட்டிங்கில் எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். தெரியவில்லை சார், தெரிந்ததும் எழுதுகிறேன் என்றேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். திட்டுவார்கள், திட்டட்டும். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும், போகட்டும். அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வார்த்தையும் யாரோ ஒருவர் தலையில்தான் போய் விழும், பெரும்பாலும் அந்த அறையிலேயே எதிர்த்துப் பேச முடியாத ஆள் தலையில்.

அந்த மத்தியானத்தை முடித்துவிடுகிறேன். ரிப்போர்ட்டை மேரியிடம் நீட்டினேன். அவர் வாங்கி, போன தடவை மாதிரியே இரண்டு தடவை வாசித்தார். கையெழுத்துப் போடுவார் என்று பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

“அன்னைக்கு இத ஆபீஸ்ல நின்னு சத்தமா வாசிச்சாங்க சார். வெளியாளுங்க எல்லாம் இருந்தாங்க” என்றார். “இதையும் அங்கயே நின்னு வாசிங்க. நீங்களே வாசிங்க.”

போனேன். ஆபீஸ் அறையில் அன்றைக்கும் நாலைந்து பேர் சீட்டு வாங்க நின்றார்கள். கருப்பையா மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றார், உட்காரவில்லை. டாக்டரம்மா வாசலில் நின்றார். நான் வாசித்தேன். ‘தவறு என்னுடையது’ என்ற இடத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். மேரி காத்திருந்தார். கனைத்துக்கொண்டு அந்த வரியைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன்.

“இன்னொண்ணும் சேத்துக்கங்க” என்றார் கருப்பையா, மேஜையைப் பார்த்தபடி. “பேஸ திருப்பினது நான். திருப்பி வைக்க மறந்ததும் நான்.”

சேர்த்து எழுதினேன். மேரி பேனாவை வாங்கி, ஆபரேட்டர் என்ற இடத்தில் இனிஷியலோடு முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “துணி கெடக்கும்மா, வாரேன்” என்று சொல்லிவிட்டு மேரி நடந்துவிட்டார்.

நான் பையை எடுக்கச் சலவை அறைக்குப் போனேன். மேரி ஈரத்துணியை ஒரு விரிப்பில் மூட்டையாகக் கட்டி, கதவு நிலையில் தொங்கிய அந்தக் கொக்கித் தராசில் மாட்டினார். முள் ஆடி நின்றது. ஈரத்தோடு இருபது கிலோ வரை போடலாம் என்று மெஷின் மேல் ஒட்டியிருக்கும். முள் பதினாறில் நின்றது.

“ஒவ்வொரு நடையும் இப்படித்தாங்க சார்” என்றார். “வாசிச்சீங்க, சரி. இப்ப பாத்துக்கங்க.”

பார்த்தேன். அவர் மூட்டையை இறக்கி மெஷினுக்குள் போட்டு, கதவைச் சாத்தினார்.